பந்தில் இருந்த இரண்டாவது வரி

பெஸ்ஸமர், அலபாமா
1995 மார்ச் 9

கர்த்தருக்குள் அன்பான மகன் வெண்டலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அட்லாண்டாவில் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். என் சுகத்தை நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. உன் போனில் மெஷின்தான் பேசுகிறது. மெஷினிடம் என்ன சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாலாம் வகுப்போடு பருத்திக் காட்டுக்குப் போனவள் நான். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ சாப்பிடக்கூட நிற்காமல் காரை எடுத்துவிட்டாய். சபைப் பெண்கள் கோழி பொரித்திருந்தார்கள், கீரையும் சோள ரொட்டியும் இருந்தன. உனக்கு ஒரு தட்டு எடுத்து மூடி வைத்திருந்தேன். வெண்டல் எங்கே, வெண்டல் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். வேலை இருக்கிறது, போய்விட்டான் என்று சொன்னேன். சகோதரி ஓஃபீலியா மட்டும், "ஆமா ஆமா, செத்தவரு பேர்ல இன்னும் வேலை பாக்கி இருக்குல்ல" என்றாள். அவள் வாயை உனக்குத் தெரியும். அடுத்த வீட்டிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவன்தானே நீ.

நீ போன பிறகு நடந்ததையும் கேள். அப்பாவோடு பேஸ்பால் ஆடிய கிழவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கியபோது போட்டிருந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கோயில் படியிலேயே நாலைந்து பேர் பந்தும் பேனாவுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். யார், எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது. கையெழுத்து சேர்க்கிறவர்களாம். அதில் ஒருவன் மரியாதையாக என்னிடம் வந்து, "அம்மா, இந்த அடக்க ஆராதனைத் தாள் இன்னும் ரெண்டு கெடைக்குமா? மடிக்காததா இருந்தா நல்லது" என்று கேட்டான்.  ஓஃபீலியா முந்திக்கொண்டு, "பெட்டி மூடி வேணுமா தம்பி? அதுவும் மடிக்காமத்தான் இருக்கு" என்றாள். அவன் சிரித்தான். அவள் கேலி செய்கிறாள் என்றுகூடத் தெரியாமல் சிரித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள் சாயந்திரம் நீ ஒரு பெட்டி நிறையப் புதுப் பந்து கொண்டு வந்தாய். கையெழுத்துப் பந்து விற்கிற லட்ரெல் ஏற்கெனவே ஆட்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டார், இதில் மட்டும் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்றாய். வாதம் அடித்த பிறகு அவருக்குப் பேச்சு இல்லை, வலது கை இல்லை. வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர்தான் தலையை ஆட்டினார். மகன் கேட்டு அவர் என்றைக்கு இல்லை என்றார்? இடது கையில் பேனாவைச் செருகி, நீ பந்தைப் பிடிக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்தார். அதைப் பார்க்க மாட்டாமல்தான் நான் ஐஸ் கொண்டு வருகிறேன் என்று வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பந்து இருந்தது. அதை உன்னிடம் கொடுக்காமல், என்னைப் பார்த்ததும் தூக்கிக் காட்டினார். என் பெயர் இருந்தது. 'ஐடெல்லாவுக்கு' என்று பெரிதாக, கோணலாக எழுதியிருந்தார். எவ்வளவு கண் மங்கினாலும் என் பெயர் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. அதற்கும் கீழே அவர் பெயர், கடைசி எழுத்தின் வால் வழுக்கிப்போய் சிவப்புத் தையலைத் தாண்டியிருந்தது. கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுப்பதற்குள் அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நர்ஸ் ஓடி வந்து எல்லோரையும் வெளியே தள்ளினாள். நீ பந்துகளை அள்ளிப் பெட்டியில் போட்டாய். விடிந்தபோது அவர் இல்லை.

அந்தப் பந்து எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது என்னோடு அவர் கடைசியாகப் பேசிய பேச்சு. நான் அதை இன்னும் படிக்கவில்லை.

ஊரில் உள்ளவனுக்கெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். இந்த வீட்டில் ஒரு பந்துகூட இல்லை. எனக்கும் ஒன்று போட்டுக் கொடுங்களேன் என்று கேட்டால், "ஒனக்கு எதுக்குடி எம்பேரு? கல்யாணத்தன்னிக்கே குடுத்துட்டேனே, இன்னும் தேயலையே" என்பார். கேட்கிறவனிடம் மட்டும், "ஒம்பேரு என்னப்பா?" என்று கேட்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். லட்ரெல் பக்கத்தில் நின்று, "பேரெல்லாம் வேணாம் சார், கையெழுத்து மட்டும் போதும்" என்று தலையில் அடித்துக்கொள்வார். பெயர் எழுதிய பந்தை வேறு யாரும் வாங்க மாட்டார்களாம். "பேரு இல்லாத ஆளுக்கு நான் ஏன்யா எழுதணும்?" என்பார் அப்பா. அப்படிப்பட்டவர் கடைசியில் என் பெயரை எழுதியிருக்கிறார், வெண்டல். நான் கேட்காமலே எழுதியிருக்கிறார்.

அதைப் பஞ்சில் சுற்றி அனுப்பு. நீயே கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கூரை மறுபடி சமையலறைப் பக்கம் ஒழுகுகிறது. போதகர் உன்னை விசாரித்தார்.

உன்னைச் சுமந்த தாய்,
ஐடெல்லா டார்வர்


பெஸ்ஸமர்
ஏப்ரல் 4

அன்பு மகன் வெண்டலுக்கு,

நீ அனுப்பிய பெட்டி வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.  ஓஃபீலியாவைக் கூப்பிட்டேன், அவள்தான் கத்தி வைத்துப் பிரித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே பார்த்தேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் பந்து முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

'க்ளியோஃபஸ் டார்வர்' என்று எழுதியிருக்கிறது. அழகாக இருக்கிறது, நேராக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. உன் சீட்டில், 'அம்மா, அந்தப் பந்து எது என்று தெரியவில்லை, அப்பா நல்லா இருந்தப்போ போட்ட இதை வெச்சுக்கோங்க' என்று எழுதியிருந்தாய்.

மகனே, உன் அப்பா மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடித்த கேட்சர். பந்து பட்டுப் பட்டு விரலெல்லாம் முறிந்து கோணிக் கிடந்த மனுஷன். நல்லா இருந்தபோதும் அவர் கையெழுத்து வேலியில் சிக்கிய கம்பி மாதிரிதான் இருக்கும். அதை விடு. ரெண்டு தையலும் நெருங்கி வரும் அந்த ஒடுங்கின இடத்தில் இந்தக் கையெழுத்து இருக்கிறது. அந்த இடத்தில் அவர் என்றைக்காவது போட்டாரா? அவர் காலத்தில் டீம் மொத்தமும் ஒரே பந்தில் கையெழுத்துப் போடும்போது அந்த இடத்தை மேனேஜருக்கு என்று விட்டுவிடுவார்கள். மற்றவர்கள் ஓரத்தில் போடுவார்கள். மேனேஜர் செத்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும் இவர் அந்த இடத்தைத் தொடவில்லை. லட்ரெல் கெஞ்சுவார், "சார், வாங்குறவங்க அந்த எடத்துலதான் கேக்குறாங்க." அப்பா, "அது மேனேஜர் நாற்காலிய்யா. ஆளு எந்திரிச்சுப் போயிட்டார்னு நான் போய் ஒக்காந்துக்குவேனா?" என்பார். நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். எப்படி மறந்தாய்?

டார்வரின் முதல் எழுத்துக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போவாயே, அதில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அகப்பட்டாய். பெல்ட்டை உருவியவர் கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். "ஏய், இங்க வந்து பாரு. எங்கையெழுத்த விட நல்லா போட்டிருக்கான் பய" என்று என்னிடம் காட்டினார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

எத்தனை பந்தில் இந்தத் தொப்பி ஏறியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்ல வேண்டி வரும், சொன்னால் நான் சுமக்க வேண்டி வரும். அவர் விளையாடிய நாளில் பெரிய மைதானங்களின் வாசலைத் தாண்ட அவரை விடவில்லை. நம் கறுப்பு ஆட்களின் லீக்கில் ஆடி, பஸ்ஸில் தூங்கி, ஓட்டலின் பின்கதவில் சோறு வாங்கித் தின்றார். அப்புறம் குழாய் ஃபாக்டரியில் இரும்பு ஊற்றினார். இவ்வளவுக்கும் பிறகு அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இந்தப் பந்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதே பெட்டி, அதே கயிறு. எனக்கு வேண்டியது கோணலான பந்து. என் பெயரும், கீழே ஒரு வரியும் உள்ள பந்து. தெரியவில்லை என்று எழுதாதே. ஊரிலேயே இடது கையால் எழுதிய க்ளியோஃபஸ் டார்வர் பந்துகளை ஒரு தொப்பிக்குள் போட்டுவிடலாம்.

ஓஃபீலியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவள் கேட்ட வார்த்தையை நான் எழுதவில்லை.

கர்த்தர் உனக்கு நல்ல புத்தி தரட்டும்.

அம்மா


பெஸ்ஸமர்
மே 22

வெண்டல்,

நீ பதில் எழுதவில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

பர்மிங்ஹாமில் விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் சனிக்கிழமை கையெழுத்துச் சந்தை என்று பேப்பரில் போட்டிருந்தது. ஓஃபீலியா தன் பழைய ப்யூக் காரை எடுத்தாள். கோயிலுக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனோம். வாசலில் டிக்கெட் கேட்டான் ஒருவன். "நாங்க வாங்க வரலப்பா, சாவு வீட்டுக்காரங்க" என்றாள் அவள். அவன் வழி விட்டான்.

உள்ளே கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைத் தூக்கிய ஆட்களே ரெண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முன்னால் நின்றவன் அடுத்த பந்தை நீட்டிவிட்டான், பாவம் உட்கார்ந்துவிட்டார்.

லட்ரெலின் மேஜை கடைசியில் இருந்தது. நாற்காலியில் உன் கோட்டு தொங்கியது. நீ முதல் வேலைக்குப் போனபோது நானும் அப்பாவும் வாங்கித் தந்த பழுப்புக் கோட்டு. லட்ரெல் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், "வெண்டல் இப்பத்தான் இங்க இருந்தான், சாப்பிட ஏதாவது வாங்கப் போயிருப்பான், வந்துருவான்" என்றார். நாங்கள் உள்ளே நுழைந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வெகு நேரம் நின்றேன். காலில் நீர் கோத்துக்கொண்டது. கோட்டுக்குச் சொந்தக்காரன் வரவில்லை.

அந்தப் பந்து மேஜை நடுவில், விளக்குக்கு அடியில் இருந்தது. தையலைத் தாண்டிய அந்த வாலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 'க்ளியோஃபஸ் டார்வரின் கடைசிக் கையெழுத்து. மருத்துவமனைப் படுக்கையில். மகன் சான்று தந்தது' என்று அட்டை வைத்திருந்தார்கள். பக்கத்தில் சட்டம் போட்ட சான்றிதழ், அதில் உன் பெயர், ஓர் எழுத்து விடாமல்.

கையெழுத்துக்கு மேலே வெறும் தோல். கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

எடுக்கப் போனேன். "தொடாதீங்கம்மா, கை ஈரம் பட்டா மை போயிரும்" என்றார் லட்ரெல். ஓஃபீலியா அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷன மாசக்கணக்கா குளிப்பாட்டுன கை இது. அவரு ஒடம்புல இது படாத எடம் கெடையாது. பந்துல பட்டாத்தான் தீட்டா?" சந்தையே திரும்பிப் பார்த்தது. கோயில் தொப்பிக்கு அடியில் இருப்பது யார் என்று லட்ரெலுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினார். பந்தை எடுத்து அவரே என் கையில் வைத்தார்.

"இதுல எம்பேரு இருந்துச்சு" என்றேன்.

"ஏதோ ஒரு பேரு இருந்துச்சும்மா. உங்க பேருன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. பேரு இருந்தா விக்காது. வாங்குறவனுக்குத் தம்பேரு இல்லைன்னாலும் பரவால்ல, அடுத்தவன் பேரு இருந்தா தொட மாட்டான். அதனால அழிக்கக் குடுத்துருவோம்."

"கீழ ஒரு வரி இருந்துச்சே. அது என்ன?"

அவர் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார். "ஏதோ இருந்துச்சு. நான் படிக்கலைம்மா."

"அழிச்சவரு?"

"அவன் நாளெல்லாம் அதையேதான் பண்றான். எதையும் படிக்கிறதில்ல."

"நல்ல தொழில் வெச்சிருக்கீங்கய்யா" என்றாள் ஓஃபீலியா. "இருக்கிற கையெழுத்துக்குச் சாட்சி வாங்குறீங்க. அழிச்ச எழுத்துக்குச் சாட்சியே இல்ல."

பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினாள். பேனா அழுந்திய தடம் இருக்கும் என்று சொல்லி ரெண்டு பேரும் பந்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். என் பெயரின் தடம் கொஞ்சம் இருந்தது. பெரிதாக எழுதினார் அல்லவா, அழுத்தியிருக்கிறார். கீழ் வரி பொடி எழுத்து, அதற்குள் கைச் சோர்வு வேறு வந்திருக்கும். அந்த இடம் வழவழவென்று இருந்தது. கடைசியில் ஒரு புள்ளி மட்டும் குழிந்திருந்தது. எழுதி முடித்துத்தான் இருக்கிறார்.

லட்ரெல் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அதை அட்டைக்கு முன்னால் திருப்பி வைத்துவிட்டேன். எனக்கென்று எழுதியதைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தானமாகக் கொடுத்தால் எப்படி வாங்குவது? உன் கோட்டின் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பையில் ஊசியும் நூலும் இருந்தன. நின்றபடியே தைத்துவிட்டு வந்தேன்.

இனி பந்து வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

அவர் எழுதியபோது பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தது உன் கை. நான் உள்ளே வந்தபோது உன் காதில் போன் இருந்தது, கண் ஜன்னல் பக்கம் இருந்தது. லட்ரெலோடு பேசிக்கொண்டிருந்தாய். ஆனாலும் ஒரு கணம் குனிந்து பார்த்திருக்க மாட்டாயா? தகப்பன் உன் கைக்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கும்போது?

அது என்ன வரியாகவும் இருக்கலாம். வாதம் வருவதற்கு முந்தின வாரம் முழுக்கக் கூரையைப் பற்றித்தான் பேசினார். கூரைக்கு ஆள் கூப்பிடு என்றுகூட எழுதியிருக்கலாம். அதுவானாலும் எனக்குப் போதும். உன்னைப் பற்றியும் இருக்கலாம். அவனைத் திட்டாதே என்று எழுதியிருந்தால், இந்த மூன்று கடிதத்திலும் நான் அவர் பேச்சைத் தட்டியிருக்கிறேன். அப்படி என்றால் சொல்லிவிடு, நிறுத்திக்கொள்கிறேன்.

படித்திருந்தால் எழுது. படிக்கவில்லை என்றால், அம்மா, நான் படிக்கவில்லை என்று எழுது. அதையும் தாங்கிக்கொள்வேன், எத்தனையோ தாங்கியாயிற்று. ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதே. என் மனசு ஆறட்டும் என்று நீயாக ஒரு வரியைச் சேர்த்து எழுதிவிடாதே. அவர் மாதிரி எழுத உனக்கு வரும். பந்தில் எழுதினால் நான் கண்டுபிடித்துவிடுவேன். வார்த்தையில் எழுதினால் என்னால் முடியாது, வெண்டல். நீ எதை எழுதினாலும் நம்பிவிடுவேன்.

கர்த்தர் உன் கையைக் காப்பாராக.

அம்மா